பயத்துக்கு அவள் சொன்ன சொல்

எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் ஏறவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. கோடையில் பருத்தி எடுக்கக் கூட்டமாகக் காரைக்கால் பக்கம் வருவோம். அந்த வருடம் காய் வெடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பஞ்சு செடியிலேயே நனைந்து கறுத்துப்போய், எடுத்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. வேலை பாதியில் நின்றது. "வாடி, ஊர்ல போயி பார்த்துக்கலாம்" என்று ஒருத்தி வேனுக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.

ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை. கணவர் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. மகள் அரசு விடுதியில் தங்கிப் படித்தாள். கணவரின் அண்ணன் வீட்டில் ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். நான் சோறு போட்டுக்கொள்ளும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து வந்து பானைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த எட்டிப் பார்த்தலுக்குப் பயந்துதான் நான் வேனில் ஏறவில்லை.

நிலத்துக்காரர் டவுனில் சம்பள வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வயலுக்கு வருவார். மற்ற நாட்களில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். அவரைக் காரியக்காரர் என்பார்கள். அவர்தான் சொன்னார்: "இருக்கறதுன்னா இருங்க. களை எடுக்க, நாத்துப் பறிக்க ஆளு வேணும். களத்துக் கொட்டாய்ல தங்கிக்கலாம். ஆனா தனியா இருப்பீங்களா?"

"இருப்பேங்க" என்றேன். அப்போது நான் எங்குமே தனியாக இருந்து பார்த்ததில்லை.

அது தகரக் கூரை போட்ட கொட்டகை. ஒரு பக்கம் உர மூட்டைகள் அடுக்கியிருக்கும். மறுபக்கம் நான். சுற்றிலும் வயல், அதைத் தாண்டி வாய்க்கால், அதற்கும் அப்பால்தான் தெரு. ரோட்டோரத்தில் ஒரு சாராயக்கடை. எல்லைக்கு அந்தப்பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் பைக்கில் ஆட்கள் வந்து குடித்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து சத்தம் போடுவார்கள். வெயில் சாய்வதற்கு முன்பே சமைத்துச் சாப்பிட்டு, கதவுக்குக் கடப்பாரையை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். வெளியே ஒரு இருமல் கேட்டால் என் கை கடப்பாரையைத் தேடும். இருமியது மனிதனா ஆடா என்று தெரிகிறவரை மூச்சு விடமாட்டேன்.

புரட்டாசியில் சம்பா நடவுக்கு வங்காளத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எல்லாம் ஆண்கள். ஒருத்தி மட்டும் பெண். கூட்டத்தில் ஒருவனின் மனைவி. அத்தனை பேருக்கும் சமைத்துப்போட்டுவிட்டு அவளும் வயலில் இறங்குவாள். களத்தில் தார்ப்பாய் கட்டி ஆண்கள் படுத்துக்கொண்டார்கள். அவளைக் காரியக்காரர் என் கொட்டகைக்கு அனுப்பிவைத்தார்.

வந்ததும் என்னைப் பார்த்து, "திதி" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. கணவருக்குத் திதி கொடுத்துவிட்டு வந்த வருடம் அது. யார் இவளிடம் சொன்னார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தின் தலைவன் பல வருடங்களாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து போகிறவன், தமிழ் ஓரளவுக்குப் பேசுவான். அவன்தான் சிரித்துக்கொண்டே, "அக்கா, அக்கா. எங்க பாஷையில திதின்னா அக்கா" என்றான். நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். யாருக்கு யார் மூத்தவள் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

அவள் கொண்டுவந்திருந்த கடுகெண்ணெயின் நெடி முதல் நாள் என் கண்ணைக் கரித்தது. வாய்க்காலில் பிடித்த கெளுத்தியை அதில் பொரித்து, எனக்கு ஒரு துண்டு நீட்டினாள். மறுநாள் நான் வைத்த புளிக்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைக் கோணினாள். அதன் பிறகு தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள். நாலு வயதிருக்கும். ஊரில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். சாயங்காலம் போனில் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, என் பக்கம் போனைத் திருப்பிக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை என் மகள் விடுதியிலிருந்து பேசும்போது அவளும் என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்பாள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நான் அழுதால் அவளும் அழுவாள்.

அவள் வந்தபிறகு கடப்பாரையை முட்டுக்கொடுக்க மறந்துபோன நாட்களும் உண்டு.

தெருக்காரர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பிடிக்கவில்லை. அதில் நியாயமும் இருந்தது. காலங்காலமாக இந்த வயல்களில் நட்ட பெண்களுக்கு அந்த வருடம் நடவு இல்லை. கூட்டம் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசி, விறுவிறுவென்று நட்டு முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடும். உள்ளூர்ப் பெண்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, தமிழ்தான பேசுறீங்க. நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

நான் நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தப் பக்கமும் என்னைச் சேர்த்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் அந்த வீடியோ வந்தது. வடக்கத்தியான்கள் வேலைக்கு வருகிற மாதிரி வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு குரல் பதறிப் பதறிச் சொல்லியது. எந்த ஊர், எந்த நாள், ஒன்றும் கிடையாது. காரியக்காரர் எனக்குக் காட்டிவிட்டு, "சும்மா எவனோ கிளப்பி விடுறான். இருந்தாலும் அந்தப் பொண்ண தனியா கடைகண்ணிக்கு அனுப்பாதீங்க" என்றார்.

அதுவரை பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் களத்து வழியாக ஓடிவரும். ஒரே நாளில் அது நின்றது. டீக்கடையில் கூட்டத்தாரைக் கண்டால் பேச்சு நின்றுபோகும். பைக்குகள் களத்துப் பக்கம் வந்து, வேகத்தைக் குறைத்து, தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு அந்தி நேரத்தில் எங்கள் தகரத்தில் கல் விழுந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கல். அது கூரையில் உருண்டு சரிந்து வாசலில் விழுகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொய்... பொய்..." என்றாள்.

இல்லை, பொய் இல்லை, நிஜமாகவே கல்தான் எறிகிறார்கள் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் என் உள்ளங்கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. அவள் பாஷையில் பயத்துக்கு அதுதான் சொல்.

அதற்கு அடுத்த வாரம் மழை கொட்டி நடவு ஒருநாள் நின்றது. மகளுக்குக் கவுன் வாங்கி அனுப்ப வேண்டும் என்று அவள் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பகல்தானே, நானும் கூட இருக்கிறேனே என்று பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட கவுன். அளவு தெரியாமல் அங்கே நின்ற ஒரு சிறுமியின் முதுகில் வைத்துப் பார்க்கலாமா என்று சைகை காட்டினாள். வேண்டாம் என்று நான் அவள் கையை இறக்கிவிட்டேன்.

திரும்பும்போது அம்பகரத்தூர் பாதையில், வயலுக்குக் கிட்டே இருந்த ஒரு கடைத்தெருவில் இறங்கினோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எந்த ஊராகவும் இருந்திருக்கலாம். நான் மளிகைக் கடையில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் பையோடு படியில் நின்றாள். பக்கத்துக் கடை வாசலில் ஒரு பெண் குழந்தை மிட்டாயைச் சப்பிக்கொண்டு நின்றது. குழந்தையின் அம்மா உள்ளே போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாளாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. இவள் குனிந்து, அந்தக் குழந்தையின் மோவாயைத் தொட்டு, தன் விரல்களை முத்தமிட்டாள்.

குழந்தை வீறிட்டது. அதற்கும் யாரோ வீடியோவைக் காட்டியிருந்தார்கள்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பையன் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். "ஏய், புள்ளைய எதுக்குத் தொடுற?" அவள் அவனைப் பார்த்தாள். அவன் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. உருளைக்கிழங்குப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி அவள் முன்னால் நின்றேன்.

"எங்கூட வேலை பார்க்கிறவங்க. நடவு நட வந்தவங்கங்க."

"நீ எந்த ஊரு?"

சொன்னேன்.

"இவளும் வெளியூருதான். ரெண்டும் ஒரே செட்டு."

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. டீக்கடை பெஞ்சிலிருந்து, சலூனிலிருந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து. சோப்பு நுரை கன்னத்தில் காயாமல் ஒருவர் ஓடிவந்து நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. ஒருவன் அவள் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினான். வெங்காயம், காய்ந்த மிளகாய், அந்த மஞ்சள் கவுன்.

"புள்ளத் துணி! இவளுக்கு எதுக்குடா புள்ளத் துணி?"

அந்த ஒரு வார்த்தையில் கூட்டத்தின் சத்தம் மாறியது. அதுவரை கேள்வி கேட்டவர்கள் அதன் பிறகு கேட்கவில்லை. "அவங்க மகளுக்கு வாங்கினதுங்க, கடையில கேட்டுப் பாருங்க" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு, "பொய்... பொய்..." என்றாள்.

"பாரு, அவளே பொய்யிங்கிறா!"

"அது பொய் இல்லீங்க. அவங்க பாஷையில பயம்னு அர்த்தம். பயமா இருக்குன்னு சொல்றாங்க."

யாரோ சிரித்தார்கள். "பாஷையெல்லாம் படிச்சு வச்சிருக்கா." முதல் அறை என் காதோரம் விழுந்தது. காதுக்குள் ஒரு வண்டு புகுந்த மாதிரி இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில், ஒருவன் அவள் கையை முறுக்கி இழுப்பதும், ஏதோ நொறுங்குவதும், அவள் அலறுவதும் தெரிந்தது. எலும்பு என்று நினைத்தேன்.

மளிகைக் கடைக்காரர் ஒரு பாய். நடுத்தர வயது. படியிறங்கி வந்து எங்கள் இரண்டு பேரையும் முடி, புடவை எது கையில் கிடைத்ததோ அதைப் பிடித்து உள்ளே இழுத்தார். "உள்ள வாங்கம்மா! உள்ள, உள்ள!" இழுத்த வேகத்தில் நான் அரிசி மூட்டைமேல் விழுந்தேன். அவர் ஷட்டரை இறக்கினார். பகல் அப்படியே அணைந்தது.

வெளியே ஷட்டரில் அடித்தார்கள். தகரம் முழுவதும் நடுங்கியது. அடிக்கிற ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு கோடு வெளிச்சம் அகலமாகி, அதில் கால்கள் தெரிந்தன. செருப்புகள். ஒரு பள்ளிக்கூட ஷூ. பாய் உட்கார்ந்து உள்பூட்டைப் போட முயன்றார். சாவி துவாரத்துக்குள் சட்டென்று போகவில்லை. "யா அல்லாஹ், கடையக் கொளுத்திட்டானுங்கன்னா நான் எங்க போவேன்" என்று முனகினார். ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. பூட்டைப் போட்டுவிட்டு போலீசுக்குப் போன் செய்தார். தெருப் பெயரைச் சொல்லத் திணறினார், தன் சொந்தத் தெருப் பெயரை.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "ஏங்க, எம்புள்ளைங்க அது! எங்கிட்டதான் இருக்கு! யாரும் தூக்கலீங்க, விடுங்க!" குழந்தையின் அம்மா. ஒரு ஆண் குரல் அவளை அதட்டியது: "நீ சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது." அதைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் போய்விடும் என்று நிச்சயமாகத் தோன்றியது. பெற்றவள் சொல்லியே கேட்கவில்லை என்றால் இனி யார் சொல்லிக் கேட்கப்போகிறார்கள்? மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. விடுதி வாசலில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிதான் திரும்பத் திரும்ப வந்தது.

அவள் தரையில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளைத் துண்டுகள். நொறுங்கியது எலும்பில்லை, அவளுடைய சங்கு வளையல். அவர்கள் பக்கத்தில் கட்டியவன் உயிரோடு இருக்கிறவரை பெண்கள் போட்டுக்கொள்வது. மணிக்கட்டில் ரத்தம் வழிந்தது, அதை அவள் பார்க்கவில்லை. முந்தானையில் மாட்டி வந்த துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். அடி வாங்கியபோது அழாதவள் அப்போது அழுதாள். என் வளையல்களை என் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து உடைத்தார்கள். அந்த அழுகை எந்தப் பாஷையில் இருந்தாலும் எனக்குத் தெரியும்.

போலீஸ் வந்தது. வெளியே கூட்டிப்போகும்போது எல்லோர் கையிலும் போன் உயர்ந்திருந்தது. என் முந்தானையால் அவள் முகத்தை மூடினேன். என் முகத்தை மூட எனக்குத் துணி மிச்சமில்லை.

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர் டீ வாங்கிக் கொடுத்து மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டார். ஆதார் அட்டைகளோடு கூட்டத்தின் தலைவனும் அவள் கணவனும் காரியக்காரரும் வந்தார்கள். விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கணவன் கிட்டே வந்தபோது அவள் அந்தக் கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் கூட்டம் கிளம்பியது. "இன்னும் பாதி நடவு கெடக்கே" என்று காரியக்காரர் தலைவனிடம் கெஞ்சினார். "வேலை அப்புறம். உயிர் முதல்ல" என்றான் அவன். லோடு ஆட்டோவில் ஆண்களுக்கு நடுவில் அவளை உட்காரவைத்தார்கள். புடவையை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. கோபமில்லை. முகத்தைத் திருப்பினால் தெருவைப் பார்க்க வேண்டியிருக்கும், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதன்பின் கொட்டகை முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. கடப்பாரைக்குப் பக்கத்தில் உர மூட்டை ஒன்றையும் இழுத்து வைத்தேன். அப்படியும் பைக் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் ஆள் இருந்து பழகிவிட்டு ஆள் இல்லாமல் இருப்பது, முதலிலேயே ஆள் இல்லாமல் இருப்பதைப் போல இல்லை.

மிச்ச நடவுக்கு உள்ளூர்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றவள் முகத்தை நான் பார்க்கவில்லை. குனிந்து நட்டுக்கொண்டே அவள்தான் பேசினாள்.

"அன்னிக்கு நான் கத்துனது உள்ள கேட்டுச்சாங்க?"

குழந்தையின் அம்மா. என் கையிலிருந்த நாற்று நழுவியது.

"கேட்டுச்சு."

"உங்களப் பார்த்து எனக்குப் பயமில்லீங்க. அவங்களப் பார்த்துத்தான். எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிங்க. எங்க தெருவுல இருக்கறவங்க. புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கிறேன், என்னையே தள்ளி விடுறாங்க." கொஞ்ச நேரம் நட்டாள். "எங்க வீட்டுக்காரரு கேரளாவுல கட்டட வேலைக்குப் போயிருக்காரு. அவருக்கும் அந்த ஊரு பாஷை தெரியாது. அன்னிலேருந்து அவரு போன எடுக்க கொஞ்சம் லேட்டானாலும் திரும்பத் திரும்ப அடிச்சிக்கிட்டே இருக்கேன்."

ஐப்பசி மழை பிடித்தபோது கொட்டகைக்குள் தண்ணீர் வந்தது. அவள் வந்து என் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "எங்க வீட்டுல படுத்துக்கலாம், வாங்க" என்று முன்னால் நடந்தாள். அந்தத் தெருவுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். குழந்தை என்னிடம் வரப் பல நாட்கள் ஆயின. நான் அதைத் தொடவே இல்லை. அதுவாக வந்து மடியில் உட்கார்ந்தபோதும் கைகளை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

வங்காளத்திலிருந்து எப்போதாவது போன் வரும். "திதி, பாலோ?" என்பாள். நல்லா இருக்கேன் என்பேன். அவள் ஊரிலும் வேலை இல்லை, கணவன் வேறெங்கோ போய்விட்டான் என்பது வரைக்கும் புரியும். அதற்குமேல் சொல்ல எங்கள் இருவரிடமும் சொல் இல்லை. போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம். அவள் பக்கத்தில் ஒரு கோழி கத்தும்.

அடுத்த வருடம் நடவுக்கு வேறொரு கூட்டம் வந்தது. அவர்களில் இரண்டு பெண்கள். கடைக்குப் போக வேண்டும் என்றார்களாம். காரியக்காரர் என்னிடம் வந்து நின்றார். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம். ஆனா கூடப் போகச் சொல்லிக் கேக்க வேற ஆளு இல்ல."

சரி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையின் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இதையும் வச்சிக்கிட்டே போவோம். என்னா பண்ணுறாங்கன்னு பார்ப்போம்" என்றாள். அவள் குரலும் நடுங்கித்தான் இருந்தது.

உச்சி வெயிலில் நாங்கள் நான்கு பெண்களும் அந்தக் கடைத்தெருவில் நடந்தோம். டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு பைக் வேகத்தைக் குறைத்தது, பிறகு போய்விட்டது. அந்தப் பெண்கள் கேட்டதையெல்லாம் பாய் நிறுத்துக் கொடுத்தார். அவர் ஒரு கையை ஷட்டரின் கொக்கியிலேயே வைத்திருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. வயலுக்குத் திரும்பியபோது என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. புதிதாக வந்த பெண்களில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.